தொட்டில் வீட்டுக் கணக்கு

பிள்ளை பிறந்த வீட்டில் கணக்குப் பார்க்கலாகாது என்பது நம்மிடையே எழுதப்படாத சட்டம். இறைவன் அருளிய செல்வத்தை மடியில் வைத்துக்கொண்டு காசைப் பற்றிப் பேசுவதா என்று பெரியவர்கள் கடிந்துகொள்வர். நானோ முப்பத்தோராண்டுக் காலம் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். பேரேட்டை மூடிவைத்த பின்னும் பழக்கம் விட்டபாடில்லை. 2022-இல் என் மகள் தலைப்பிரசவத்துக்காகத் தூத்துக்குடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஒரு நோட்டு வாங்கிவந்து வரவு செலவை எழுதலானேன். வழக்கமான இரு பத்திகளோடு மூன்றாவதாக ஒரு பத்தியும் கோடிட்டுக்கொண்டேன். ஒரு செலவை மிச்சம் பிடித்தால், அந்த மிச்சம் யாரிடமிருந்து வந்தது என்று குறிப்பதற்கே அந்தப் பத்தி. காசு வானத்திலிருந்து விழுவதில்லை, மிச்சமும் அவ்வாறே.

முதலில் துணியை எடுத்துக்கொள்வோம். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஐந்து டயபர், ஒன்று பத்து ரூபாய் என்று கொண்டால், ஓராண்டில் 18,250 ரூபாய். நம் முன்னோர் இதற்கு ஒரு காசும் செலவிட்டவர் அல்லர். பலமுறை துவைத்துத் துவைத்துப் பஞ்சுபோலாகிவிட்ட பருத்தி வேட்டியைச் சதுரஞ்சதுரமாகக் கிழித்துக்கொண்டார்கள். புதுத்துணியைவிடப் பழந்துணியே ஈரத்தை நன்றாக உறிஞ்சும். பிஞ்சுத் தோலை உரசவும் செய்யாது. தூளிக்கும் பழைய நூற்சேலையே ஏற்றது. இவ்வளவும் உண்மைதான். ஆனால் அந்தத் துணிகளைத் துவைத்தவர் யார்? பெற்றெடுத்த பச்சையுடம்புக்காரி, அல்லது அவளுடைய தாய். பதினெட்டாயிரம் மிச்சம் என்று மார்தட்டும் ஆண்மக்கள், அது ஒரு பெண்ணின் முதுகிலிருந்து எடுத்த பணம் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. எங்கள் தெருவிலோ தண்ணீர் நாள்விட்டு நாள்தான் வரும். ஆகவே வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் டயபர், துணி துவைப்பது தாத்தாவின் வேலை. கிணற்றடியில் நான் குந்தியிருந்ததைக் கண்டு அண்டைவீட்டார் நகைத்தனர். ஓய்வூதியக்காரனுக்கு நேரத்துக்குக் குறைவில்லை. நகைப்புக்கு வரி இல்லை.

பிறகு பால். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூடத் தர வேண்டியதில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் சொல்கிறது. காசு கொடுத்து வாங்க முடியாத பொருள் காசில்லாமல் கிடைக்கிறது என்று இதைப் புகழ்வோர் உண்டு. காசில்லாமல் கிடைக்கவில்லை, தாயின் இலையில் விழும் சோற்றிலிருந்து கிடைக்கிறது. எங்கள் கடற்கரைப் பகுதியில் பிள்ளைபெற்றவளுக்குப் பால்சுறாவைப் புட்டாகச் செய்து, பூண்டை அள்ளிப்போட்டுக் கொடுப்பது வழக்கம். என் துணைவியார் அதில் ஒரு நாளும் கை சுருக்கவில்லை. மீன் விலை ஏறிய வாரத்தில் முட்டையும் முருங்கைக்கீரையும் பருப்பும் இலையில் இருந்தன. அந்தச் செலவை நோட்டில் எழுதினேன், குறைக்க முயலவில்லை. தாய்க்கு ஊட்டாமல் பிள்ளைக்கு ஊட்டலாம் என்பது வேருக்கு நீர்விடாமல் பூவுக்குத் தெளிப்பது போன்றது.

எல்லாத் தாயருக்கும் ஆறு மாதம் வீட்டிலிருக்கும் பேறு வாய்ப்பதில்லை. தமிழகத்தில் அரசு ஊழியரான பெண்ணுக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு. நடுவண் அரசின் சட்டம், அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்களில் 2017 முதல் 26 வாரங்கள் தருகிறது. உப்பளத்தில் நாட்கூலிக்கு உப்பு வாருகிறவளுக்கு? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில், ஏழைத் தாய்மாருக்குத் தமிழக அரசு பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவுகிறது. அதுவும் தவணைகளாக வரும். மேலே சொன்ன ஓராண்டு டயபர்க் கணக்குக்கு அது சரியாய்ப் போய்விடும்.

எங்கள் தெருக்கோடியில் அப்படியொரு பெண் இருக்கிறாள். மூன்றாம் மாதமே உப்பளத்துக்குத் திரும்பிவிட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொண்ட மாமியாரிடம் பால்மாவு டப்பா கொடுக்கப்பட்டது. விலையைக் கண்டு மிரண்ட அந்த முதியவள், டப்பாவில் குறித்திருந்த அளவில் பாதி மாவையே வெந்நீரில் கலந்தாள். நான்கு நாளில் தீரவேண்டிய டப்பா எட்டு நாள் வந்தது. சிக்கனக்காரி என்று வீட்டில் பாராட்டுங்கூடக் கிடைத்தது. பிள்ளையும் அழுது தொல்லை செய்யாமல் அமைதியாகக் கிடந்தது. அந்த அமைதி தூக்கமன்று, சோர்வு என்பதை அங்கன்வாடிப் பணியாளரின் எடைத்தராசுதான் காட்டிக்கொடுத்தது. வளர்ச்சி அட்டையில் மேலே ஏறவேண்டிய கோடு படுத்துக்கிடந்தது.

அந்தப் பணியாளர் யாரையும் ஏசவில்லை. உப்பள வேலை விடியலுக்கு முன் தொடங்கி உச்சிவெயிலுக்கு முன் முடிந்துவிடும் அல்லவா? “போகும்போது ஒரு தடவை கொடு, வந்த உடனே கொடு, ராத்திரி பூராவும் உன் பால்தான். இடையிலே இருக்கிற நேரத்துக்கு மட்டும் டப்பாப் பால், ஆனா அளவு குறையக்கூடாது” என்று அவளுக்குச் சொன்னார். பால்மாவுச் செலவு குறைந்தது. பிள்ளை மெல்லத் தேறியது. மாமியாரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வறுமை கற்றுக்கொடுத்த ஒரே பாடத்தை அவள் ஒழுங்காகச் செய்தாள். நோட்டின் மூன்றாம் பத்தி எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதை அன்று கண்டேன். அந்த வீட்டின் மிச்சம் பிள்ளையின் உடம்பிலிருந்தே எடுக்கப்பட்டது.

பால்மாவுக்கு விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2003-இல் வந்த திருத்தம் இரண்டு வயதுவரையுள்ள குழந்தைகளின் உணவுகளையும் அதற்குள் கொணர்ந்தது. டப்பாவின் மீது கொழுகொழுப் பிள்ளையின் படம் இருத்தலாகாது. படம் போனாலும் ஆசை போகவில்லை. ஆறு மாதம் முடிந்ததும் மாவு டப்பா வாங்கித் தராத வீட்டைக் கஞ்சவீடு என்று நினைக்கிறோம். கேழ்வரகை ஊறவைத்து அரைத்துத் துணியில் வடித்துக் காய்ச்சிய கூழ், குழைந்த சோற்றில் பருப்பும் சொட்டு நெய்யும், மசித்த வாழைப்பழம், வேகவைத்த முட்டையின் மஞ்சள் ஆகியவற்றில் என் பேத்தி வளர்ந்தாள். ஒவ்வொரு புதுப் பண்டத்தையும் இரண்டு மூன்று நாள் பார்த்தே அடுத்ததைத் தொட்டோம். ஓராண்டு நிறையும்வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்கவில்லை. தேன் நாவில் படவே இல்லை. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை அங்கன்வாடி தரும் சத்துமாவையும் வாங்கி வந்தோம். ‘அது ஏழைகளுக்கானது’ என்று உறவினர் ஒருவர் முகம் சுளித்தார். 1975 அக்டோபர் 2 அன்று அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது குழந்தைகளைத்தான் எண்ணினார்கள். உறவினரின் முகத்தை அல்ல.

தடுப்பூசிக்கும் இதே நாணம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் புதன்கிழமைகளில் இலவசமாகப் போடுவதையே தனியாரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட்டுக்கொள்கிறோம். ஐந்து நோய்களைத் தடுக்கும் ஐங்கூட்டு ஊசி 2011-இல் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும்தான் முதலில் வந்தது. வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டுமருந்து 2017 முதல் நம் மாநிலத்தில் இலவசம். அரசு அட்டவணையில் இல்லாத ஊசிகள் சில தனியாரிடம் உண்டு. அவற்றைப் பற்றி மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். ஆனால் இருக்கும் ஊசிக்கே காசு கொடுப்பது வரிசையில் நிற்க வெட்கப்பட்டு நாம் கட்டும் அபராதம். அபராதம் கட்ட வசதியில்லாதவர்கள், ஊசியையே தள்ளிப்போட்டுவிடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

இனி என் வீட்டில் புயல் கிளப்பிய பகுதிக்கு வருகிறேன். தலைப்பிள்ளையின் செலவெல்லாம் பெண்வீட்டாரைச் சார்ந்தது என்பது நம் வழக்கம். பேறுகாலச் செலவு முடிந்த கையோடு, பிள்ளையின் இடுப்புக்கும் கைக்கும் பொன் பூட்டி, திருமுழுக்கு நாளில் ஊர்கூட்டி விருந்தளித்து அனுப்பவேண்டும். விலை விசாரித்தேன். என்னிடமிருந்த சேமிப்பு போதாது. நகையை அடகு வைத்து நகை வாங்கவேண்டிய நிலை. சம்பந்தியம்மாளை நேரில் கண்டு பேசினேன்.

“அண்ணாச்சி, ஊருல நாலு பேரு கேப்பாங்களே” என்றார்.

“கேட்பவர்கள் வட்டி கட்டுவார்களா, சம்பந்தியம்மா?” என்றேன்.

அவர் விடை சொல்லவில்லை. எழுந்துபோய்க் காப்பி கொண்டுவந்து வைத்தார். பேச்சு மீன்விலைக்குத் திரும்பியது. பொன்னுக்குப் பதில் அஞ்சலகத்தில் பேத்தியின் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கினேன். 2015-இல் வந்த திட்டம் அது. ஆண்டுக்கு 250 ரூபாயேனும் கட்டினால் போதும். பதினைந்து ஆண்டு கட்டவேண்டும், இருபத்தோராம் ஆண்டில் முதிர்வடையும். அதைக் கழுத்தில் போட்டுக் காட்ட முடியாது என்பதுதான் குறை. சம்பந்தியம்மாள் எனக்கு முகம் கொடுத்துப் பேச ஐந்து மாதமாயிற்று. அந்த ஐந்து மாதமும் என் மகள் இரு வீட்டுக்கும் இடையில் வாய்திறவாமல் நின்றாள். மூன்றாம் பத்தியில் அவள் பெயரைத்தான் எழுதினேன். கடனில் வாங்கிய பொன்னைவிட அது மலிவா என்று கேட்டால், ஆம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் விலையே இல்லை என்று சொல்லமாட்டேன்.

திருமுழுக்கு விருந்தைப் பற்றி ஒன்று. குழந்தை இயேசுவைக் கோவிலில் அர்ப்பணித்த பகுதியை லூக்கா நற்செய்தியில் ஆண்டுதோறும் கேட்கிறோம். மரியாவும் யோசேப்பும் கொண்டுபோனது ஆட்டுக்குட்டியன்று, இரண்டு பறவைகள். லேவியர் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் புரட்டினால், ஆட்டுக்குட்டிக்கு வசதியற்றவளுக்குச் சட்டமே குறித்த காணிக்கை அது என்பது விளங்கும். இல்லாதவள் தலைகுனியாமல் கோவிலுக்கு வர அந்தச் சட்டத்திலேயே ஒரு வாயில் இருந்தது. திருக்குடும்பம் அவ்வாயில் வழியே நடந்தது. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 848-ஆம் சட்டமும், வறுமை காரணமாக எவரும் அருட்சாதனங்களின் உதவியை இழக்கலாகாது என்கிறது. ஆட்டுக்கறி விருந்தைக் கேட்பது கோவில் அல்ல, நாம்தான். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பணம் சேரும்வரை திருமுழுக்கையே மாதக்கணக்கில் தள்ளிவைக்கும் குடும்பங்களை என் பங்கிலேயே அறிவேன். பேத்திக்கு ஞாயிறு திருப்பலிக்குப் பின் திருமுழுக்கு நடந்தது. வந்தவர்களுக்கு வீட்டில் இட்டிலியும் சாம்பாரும் பாயசமும். ஞானத்தாய்க்கு மட்டும் இரண்டாம் முறை பாயசம் கிடைத்தது.

விளையாட்டுப் பொருளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் நாம் வாங்கித் தந்ததை ஒதுக்கிவிட்டு அட்டைப்பெட்டியோடும் அகப்பையோடும்தான் ஆடுகின்றன. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். பிள்ளையை நடுவில் உட்காரவைத்து உருளவிடும் சக்கர வண்டியை மருத்துவர்கள் ஏற்பதில்லை. அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படியில் உருண்டு விழ வழிசெய்கிறது. கனடா நாடு 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. பிள்ளை தானே எழுந்து பிடித்துத் தள்ளிப்போகும் நம் மூன்று சக்கர மரநடைவண்டி வேறு. எங்கள் வீட்டு நடைவண்டியை என் தந்தையார் வாகைமரத்தில் செய்வித்தார். நான், என் பிள்ளைகள் இருவர், இப்போது பேத்தி என்று மூன்று தலைமுறை அதைத் தள்ளியிருக்கிறோம். பிள்ளையின் பொருள்களில் பெரும்பாலானவை சில மாதங்களே பயன்படுபவை. சட்டை கிழியுமுன் சிறுத்துப்போகும். பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையார் இவற்றை வாங்கிவைத்துத் தேவைப்படுவோர்க்குச் சுற்றில் விட்டால் எத்தனை வீட்டுச் செலவு குறையும் என்று கூட்டமொன்றில் கேட்டேன். யோசிக்கலாம் என்றார்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடைவண்டி காத்திராமல் தெருக்கோடி உப்பளக்காரியின் வீட்டுக்குப் போய்விட்டது. அவள் பிள்ளை அதைத் தள்ளும் சத்தம் மாலையில் எங்கள் வாசல்வரை கேட்கிறது. முன்சக்கரம் தேய்ந்து ஒருபக்கமாக இழுக்கிறது. தச்சாசாரியிடம் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.