தண்டல் அட்டையும் ஒரு ப்ராஜெக்ட்டும்

எம்.பி.ஏ. இரண்டாம் வருடம் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே காய்ச்சல்தான். அதற்குப் பெயர் ப்ராஜெக்ட். தலைப்பு, கைடு, கேள்வித்தாள், சதவீத அட்டவணை, பைண்டிங், தங்க எழுத்து, வைவா... அவ்வளவுதான். சீனியர் செய்ததை வாங்கி, கம்பெனி பெயரையும் வருடத்தையும் மட்டும் மாற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. (யாரும் கோபித்துக் கொள்ள வேண்டாம், ஊரறிந்த ரகசியம்தானே!)

ஓமந்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போன அந்த மாணவியும் அப்படித்தான் ஆரம்பித்தாள். நிதிப் பிரிவு. தலைப்பு: 'தனியார் வங்கி வாடிக்கையாளர்களின் மனநிறைவு: ஓர் ஆய்வு'. கைடு தலைப்பைப் பார்த்தார். "இந்த வருஷம் இதே தலைப்போட வர்ற எட்டாவது ஆள் நீ. உனக்கு எந்த ஊரும்மா?" என்றார்.

"திண்டிவனம் பக்கத்துல ஓமந்தூர் சார்."

"ஓமந்தூரார் ஊரா?"

அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் எல்லோரும் கேட்பது இதைத்தான். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர். ஆனால் கைடு அதோடு விடவில்லை. "உங்க ஊர்ல ஜனங்க எங்க கடன் வாங்கறாங்க, உண்மையில என்ன வட்டி கட்டறாங்கன்னு பார்த்துட்டு வா. அதான் உன் ப்ராஜெக்ட்" என்றார். அவள் முகம் வாடியதைப் பார்த்து ஒரு பழைய கதையையும் சொன்னார்.

1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே இந்தியப் பொருளாதாரத்துக்கு அவர்தான் முதல் பேராசிரியர். புத்தகத்தை மட்டும் வைத்து இந்தியப் பொருளாதாரம் நடத்த முடியாது என்று நினைத்தவர், மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, அவரவர் ஊருக்குப் போய் எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு... இப்படி. அந்த மாணவர்கள் எழுதிக் கொண்டு வந்தவை 1918-ல் புத்தகமாக வெளிவந்தன. அதில் ஓர் ஊர், இன்று இதே விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இருக்கும் இருவேல்பட்டு. ஒரு மாணவப் பயிற்சியாக ஆரம்பித்த அந்தக் கணக்கெடுப்பைப் பின்பற்றி 1930-களிலும், 1980-களின் தொடக்கத்திலும், 2008-லும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அதே ஊருக்குப் போனார்கள். பெரிய நிலக்காரர்களிடம் படியாளாகக் கட்டுண்டு கிடந்தவர்களின் பிள்ளைகள் எப்படி மெல்ல மெல்ல வெளியே வந்தார்கள் என்பதை இன்று சொல்ல முடிகிறதென்றால், 1916-ல் யாரோ ஒழுங்காக எழுதி வைத்ததால்தான்.

"அவங்களும் உன்னை மாதிரி ஸ்டூடண்ட்ஸ்தான்மா" என்று முடித்தார் கைடு.

அவளுக்குக் கதை பிடித்திருந்தது. ஆனால் வயிற்றில் ஒரு பயமும் வந்தது. காரணம் அவள் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. தண்டல் அட்டை!

அவள் அம்மா ரோட்டோரம் தள்ளுவண்டியில் டிபன் கடை வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் தண்டல்காரர் வண்டியில் வருவார், நூறு ரூபாய் வாங்குவார், அட்டையில் குறித்துவிட்டுப் போவார். 10,000 ரூபாய் கடன். முதலிலேயே 1,500 பிடித்துக் கொண்டு கையில் 8,500 தருவார்கள். நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இதைக் கல்லூரியில் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று இரவு எக்செல்லைத் திறந்து கணக்குப் போட்டாள். பார்வைக்கு அது 15 சதவீத வட்டி மாதிரி இருக்கும். ஆனால் கையில் வந்தது 8,500தான். அதுவும் முழுதாக 100 நாள் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பப் போகிறது. அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாளைக்கு 0.33 சதவீதம், வருடத்துக்கு ஏறக்குறைய 121 சதவீதம்! கூட்டுவட்டியாகப் பார்த்தால் 230-ஐத் தாண்டுகிறது.

"அம்மா, நீ கட்டறது நூத்தி இருபத்தியோரு சதவீத வட்டி, தெரியுமா?"

அம்மா மாவு அரைத்துக் கொண்டே சொன்னார். "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதுடி. நூறு நாளைக்கு ஆயிரத்தி ஐநூறு. ஒரு நாளைக்குப் பதினஞ்சு ரூபா. அந்தப் பணத்துலதான் அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ் எல்லாம் வாங்கறேன். செலவெல்லாம் போக நாளைக்கு முன்னூறு நிக்குது. பேங்க்ல இந்த எட்டாயிரத்த குடுக்க எத்தினி நாள் நடக்க வுடுவான்? அத்தினி நாளும் கடை மூடிக் கெடக்கணும். அதுக்கு இன்னா வட்டி, நீயே சொல்லு."

அவளிடம் பதில் இல்லை. இரண்டு ஆண்டு படிப்பில் 'நடைமுறை மூலதனம்' என்று படித்ததைத்தான் அம்மா பேசிக் கொண்டிருந்தார். போட்ட பணம் தினமும் திரும்பி வரும் தொழிலில் 121 சதவீத வட்டியைக் கூடத் தாங்கிவிடலாம்.

அப்படியானால் தண்டல் நல்லதா? அடுத்த சில வாரம் கேள்வித்தாளோடு தெருத் தெருவாகப் போனபோது அதற்கும் விடை கிடைத்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் காதுகுத்துக்கும் அதே தண்டலை வாங்கியவர்கள் இருந்தார்கள். அந்தப் பணம் தினமும் திரும்பி வராது. அறுபது நாள் கட்டியதும் மூச்சு முட்டும். உடனே புதுத் தண்டல் போடுவார்கள். பழைய பாக்கி 4,000-ஐ ஒரு ரூபாய் தள்ளுபடி இல்லாமல் கழித்துக் கொண்டு, கையில் 4,500 வரும். கட்ட வேண்டியது மறுபடியும் 10,000! அட்டையும் அதேதான், வட்டியும் அதேதான். ஆனால் ஒரு வீட்டில் அது கடை முதல், இன்னொரு வீட்டில் அது சுருக்குக் கயிறு.

இப்படியாக ஐந்தாவது அத்தியாயமான 'பரிந்துரைகள்' வந்தது. எல்லா ப்ராஜெக்ட்டிலும் இருக்கும் அந்த வரியை அவளும் எழுதியிருந்தாள்: 'மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்'. அம்மாவை நினைத்துக் கொண்டாள். அடித்துவிட்டாள். அதற்குப் பதிலாக வேறு எழுதினாள். முத்ரா திட்டத்தில் 2015 முதல் சிறு தொழிலுக்கு 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் தரலாம் என்று இருக்கிறது. ஆனால் தினசரி வருமானக்காரருக்கு மாதத் தவணை பொருந்தாது. தினமும் வீட்டு வாசலில் வாங்கிக் கொள்ளும் ஏற்பாடு வேண்டும். முன்கூட்டி அடைத்தால் வட்டி குறைய வேண்டும். மருத்துவச் செலவுக்கென்று தனியாகச் சிறு கடன் வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது 'ஆய்வின் வரம்புகள்' என்ற பக்கம் மிச்சம் இருந்தது. பலரும் அங்கே 'நேரமின்மை' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அவள் இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினாள். எழுதினால் வைவாவில் கூட இருப்பவர்கள் முன்னால் தெரிந்துவிடும். எழுதாவிட்டால், ஆய்வில் பாதிக்கு வழிகாட்டிய ஆளை மறைத்த மாதிரி ஆகும். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'ஆய்வாளரின் குடும்பமும் இந்தக் கடனை வாங்கும் குடும்பங்களில் ஒன்று. அதனால் ஆய்வாளரின் பார்வை முழுக்க நடுநிலையானது என்று சொல்ல இயலாது.'

வைவா நாளில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அட்டவணைகளை வேகமாகப் புரட்டினார். அந்த வரிக்கு வந்ததும் நின்றார். சத்தமாகப் படித்தார். அறையே அமைதியானது. அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது.

"உங்க அம்மாவுக்கு இந்த 121 தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். ஆனா அவங்க கணக்கு பதினஞ்சு ரூபா. ரெண்டு கணக்குமே சரிதான் சார். எந்தச் செலவுக்கு எந்தக் கணக்குன்னு பார்க்கறதுதான் என் ப்ராஜெக்ட்."

வேறு கேள்வி எதுவும் அவர் கேட்கவில்லை.

பைண்டிங் செய்த பிரதியை வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்தபோது, அம்மா கையைத் துடைத்துக் கொண்டு தங்க எழுத்தைத் தடவிப் பார்த்தார். "இதுக்கு எவ்ளோ ஆச்சு?" என்றார். சொன்னாள். "ரெண்டு நாள் தண்டலு" என்று சிரித்தார்.

ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக் கொண்டிருக்கும் நண்பர்கள் இணையத்தில் தேடுவதற்கு முன்னால், ஒருமுறை வீட்டுச் சுவரைப் பார்த்துவிடுவது நல்லது. ஸ்லேட்டரின் மாணவர்களும் அதைத்தான் செய்தார்கள்!