கோணல் வாய்க்கால்

அண்ணன் இறந்த அன்று அப்பா அழவில்லை. தென்னேரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் என்னைக் கூப்பிட்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்னியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த முகத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினேன். அந்த முடிவை வைத்துக்கொண்டே பல வருஷங்கள் அவருடன் பேசியும் வந்தேன்.

முகத்தையும் குரலையும் கொண்டு மனசைச் சொல்லும் யந்திரங்களைப் பற்றிப் படிக்கையில் அந்தத் திண்ணை ஞாபகம் வருகிறது. இதற்கு மூளையைப் பின்பற்றிய மின்னணுச் சாதனங்களைச் செய்துபார்க்கிறார்கள். சாதாரணக் கம்ப்யூட்டரில் நினைவு ஓரிடம், கணக்கு ஓரிடம். இரண்டுக்குமிடையே ஓயாத போக்குவரத்தில் மின்சாரம் செலவாகிறது. மூளையோ சுமார் 20 வாட்டில் எல்லாவற்றையும் நடத்திவிடுகிறது. 1971இல் லியான் சுவா கணிதத்தில் கண்டு சொன்ன மெம்ரிஸ்டர் இங்கே கைகொடுக்கிறது. 2008இல் ஹ்யூலட் பக்கார்ட் ஆய்வுக்கூடத்தினர் அதைச் செய்துகாட்டினார்கள். தன் வழியே ஓடிய மின்சாரத்துக்கேற்ப அதன் தடை மாறும். ஓட்டம் நின்ற பின்னும் அந்த மாற்றம் அதில் தங்கும். ஏரி மடையிலிருந்து வரும் வாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு இது புதிரல்ல. ஓடிய தண்ணீர் கரையை அரித்து அகலமாக்கும். தண்ணீர் வற்றினாலும் அகலம் இருக்கும். 2024இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் ஒரு மூலக்கூறுப் படலத்தில் மின்சாரம் கடத்தும் நிலைகள் சுமார் 16,500ஐ வரவழைத்திருக்கிறார்கள்.

சாதனத்தில் இத்தனை படிகள். யந்திரம் கடைசியில் எழுதும் சொற்களோ பெரும்பாலும் ஆறு, ஏழு: கோபம், பயம், அருவருப்பு, சந்தோஷம், துக்கம், வியப்பு. பால் எக்மன் வகுத்துத் தந்த ஜாபிதா. தொல்காப்பியர் சொன்ன மெய்ப்பாடுகளும் எட்டுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை அவர் சேர்த்தார். அழுகை என்றால் இகழப்பட்டதாலா, இழந்ததாலா, தளர்ந்ததாலா, வறுமையாலா என்று பார்க்கச் சொல்கிறார். சாதனத்துக்குத் தன் வழியே ஓடிய பழைய மின்சாரம் ஞாபகமிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவனின் பழசு அதற்கு எப்படித் தெரியும்? ஐரோப்பிய யூனியன் 2025 பிப்ரவரி முதல், மருத்துவம், பாதுகாப்பு என்ற காரணங்கள் தவிர, வேலையிடத்திலும் பள்ளியிலும் உணர்ச்சியை ஊகிக்கும் இத்தகைய யந்திரங்களைத் தடைசெய்திருக்கிறது. அவர்களுக்கும் சந்தேகம் போலும்.

ஆனால் யந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. அப்பாவின் பழசு எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டேன்.

பிற்பாடு ஒரு கோடையில் கழனியைச் சமன்படுத்த டிராக்டர் வந்தது. நடுவே கோணலாகப் போகும் வாய்க்காலை இத்தோடு நேராக்கிவிடலாம் என்றேன். அண்ணன் பதினாறு வயசில், கயிறு பிடிக்காமல், அவசரமாக வெட்டியது. அப்பா போய் டிராக்டருக்கு முன்னால் நின்றார்.

"அது அப்டியே கெடக்கட்டும்."

அப்போதும் அவர் முகத்தைப் பார்த்தேன். திண்ணையில் பார்த்த அதே முகம்தான்.