ஒரு 'சி'யும் ஒரு பிழையும்

மகனின் ரிமோட் காருக்கு லித்தியம் பாலிமர் பேட்டரி வாங்கி வந்தவன் நான்தான். பழையதன் உறையில் 2200 மில்லி ஆம்பியர்-மணி, 25 சி என்றிருந்தது. புதியதில் 1000, 35 சி. இருபத்தைந்தைவிட முப்பத்தைந்து பெரிது. விலையும் குறைவு. வேறென்ன வேண்டும்?

மூன்றாம் நாள் மாலை, மைதானத்தில் கார் தளர்ந்து நின்றது. திறந்து பார்த்தால் பேட்டரி பூரி போல் உப்பியிருந்தது. கைவைக்க முடியாத சூடு. "கண்மண் தெரியாமல் ஓட்டினால் இப்படித்தான்" என்று கடிந்துகொண்டேன். அவன் பதில் பேசவில்லை. கிழிந்தால் தீப்பற்றக்கூடிய பொருள் என்பதால், காரோடு மணலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம்.

அன்றிரவுதான் அந்தச் 'சி' என்னவென்று படித்தேன். அது மின்னோட்டத்தின் அளவன்று, கொள்ளளவின் மடங்கு. இலக்கணக்காரனுக்குச் சட்டென விளங்கும்படி சொன்னால், தனித்து நின்று பொருள் தராத இடைச்சொல். 1000 மில்லி ஆம்பியர்-மணிக்கு 1 சி என்பது 1 ஆம்பியர். 35 சி என்பது 35 ஆம்பியர். பழையதற்கோ 2.2ஐ 25ஆல் பெருக்க, 55 ஆம்பியர். காரின் மோட்டார் முழுவேகத்தில் 40 வரை இழுப்பது. நான் வாங்கித் தந்த பெரிய எண்தான் மெலிந்த பேட்டரி.

அந்த 35ஐயும் அப்படியே நம்புவதற்கில்லை. பெரும்பாலும் தயாரிப்பவரே சொல்லிக்கொள்வது அது. சில உறைகளில் தொடர்ந்து தரக்கூடியது ஒன்று, சில வினாடிகள் மட்டும் தாங்குவது ஒன்று என இரண்டு எண்கள். கண்ணில் படுவது பெரியதுதான். அகத்தடையை அளந்து பார்ப்பதே நம்பகமான வழி. மின்னோட்டம் இருமடங்கானால் உள்ளே பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். ஒரு செல்லின் அகத்தடை 10 மில்லி ஓம் என்று கொள்வோம். 40 ஆம்பியரில் 16 வாட் வெப்பம், இரண்டு செல்லுக்கு 32. சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூட்டை, மூடிய காருக்குள் நானே வைத்திருக்கிறேன்.

காலையில் தாளும் பேனாவுமாக அவனருகே அமர்ந்து கணக்கைப் போட்டுக் காட்டினேன். "நீ ஓட்டியதில் தவறில்லை, நான் வாங்கியதில்தான்" என்றேன். சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப 5000, 20 சி வாங்கினா?"

"நூறு ஆம்பியர்."

"அது நம்ம காருக்குள்ளயே போகாதுப்பா."