ரப்பர் பட்டன் கம்ப்யூட்டர்

கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், எங்கள் தெருவுக்கு விடிந்ததும் முதலில் வருவது கருவாட்டு வாசனை, அதன் பின்னாலேயே துறைமுகத்துப் பக்கமிருந்து உப்புக்காற்று, அதற்கும் பின்னால்தான் பால்காரரின் சைக்கிள் மணி. அந்த உப்புக்காற்று எங்கள் வீட்டில் எதையும் விட்டுவைத்ததில்லை. ஜன்னல் கம்பி, அப்பாவின் சைக்கிள் ரிம், ஆயாவின் வெற்றிலைப் பெட்டிக் கீல் என்று இரும்பாக இருந்த எல்லாமே துருப்பிடித்துப் பொரிந்து கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான், எண்பதுகளின் பின்பகுதியில், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த சித்தப்பா, நைலக்ஸ் புடவைகளுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே பூத்துவாலையில் சுற்றி ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்.

சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்று பேர். இங்கிலாந்தில் 1982இல் விற்பனைக்கு வந்து, அந்த ஊர்ப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் வாங்கி விளையாடிய இயந்திரம். ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புப் பெட்டி, அதில் அழுத்தினால் அமுங்கும் சாம்பல் நிற ரப்பர் பட்டன்கள், ஓரத்தில் சாய்வாக நாலு வண்ணக் கோடு, உள்ளே 48 கே நினைவகம், அவ்வளவுதான். திரை கிடையாது, டிவியில் செருக வேண்டும். டிஸ்க் கிடையாது, பாட்டுக் கேட்கிற டேப் ரிக்கார்டரிலிருந்து கேசட் ஓட்டித்தான் புரோகிராமை ஏற்ற வேண்டும். ஆயா ஒரு பட்டனை மெல்ல அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது இன்னாடா, பேசுமா?" என்று கேட்டாள். சித்தப்பா, "நாம பேசினாதான் அது பேசும் ஆயா" என்றார். எனக்கு அந்த பதில் போதுமானதாக இருந்தது. அன்று ராத்திரி அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன்.

ஆனால் எங்கள் வீட்டு டிவியில் படம் வரவில்லை. அந்தப் பெட்டி அனுப்புவது இங்கிலாந்து டிவிக்கான யூஎச்எப் 36ஆம் சானல். எங்களுடைய சின்னக் கறுப்பு வெள்ளை டிவிக்கு அந்த அலைவரிசையே கிடையாது. அப்பா அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, என்னையும் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து, திருப்பாப்புலியூரில் இருந்த ரேடியோக் கடைக்குப் போனார். மேசை முழுக்க வால்வு ரேடியோவின் மரக்கூடுகள், சுவரில் முருகன் காலண்டர், மூலையில் ஊதுவத்தி, அதோடு கலந்து ஈயம் உருகும்போது எழும் ரோசின் புகையின் இனிப்பும் காட்டமுமான வாசனை; அந்தப் புகையைக் கண் எரிய எரிய நான் மூச்சில் இழுத்தேன். கடைக்கார மாமா திருகுகளைக் கழற்றி, நாடாவைப் பக்குவமாக உருவி, அலைவரிசைக்கு மாற்றும் தகரப்பெட்டிக்கு முன்னாலேயே படத்தின் சிக்னலை ஒரு ஒயரில் எடுத்து டிவிக்குள் நேராகக் கொடுத்தார். திரையின் அடியில் சின்க்ளேர் என்று ஆங்கில எழுத்துகள் எழுந்தபோது கடைக்கு வந்திருந்த டீக்கடைப் பையன்கூடக் கிளாஸை வைத்துவிட்டுப் பார்த்தான்.

கலர் இல்லையே என்று எனக்குக் குறை. எட்டு நிறங்களுக்குப் பூஜ்யம் முதல் ஏழு வரை எண் போட்டிருந்தார்கள். கறுப்பு, நீலம், சிவப்பு, மெஜந்தா, பச்சை, வெளிர்நீலம், மஞ்சள், வெள்ளை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எங்கள் டிவியில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் படிப்படியாக ஏறியது. பிரகாசத்தின் வரிசையிலேயே எண் கொடுத்திருக்கிறார்கள். யாரும் சொல்லித்தராமல் நானாகக் கண்டுபிடித்த முதல் விஷயம் அது. தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னேன்.

கேசட் போட்டால் கீ என்று நீளமாக ஒரு சத்தம், பிறகு கரகரவென்று இரைச்சல், திரையின் விளிம்பில் கோடு கோடாக ஓட்டம். ஒரு விளையாட்டு ஏற ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. ஓ.டி.யில் கரண்ட் போகாத சாயங்காலம் அபூர்வம்.

ஒரு மழைக்காலத்தில் அது நின்றுபோனது. திரை நிறையக் கட்டம் கட்டமாகக் குழப்பம். மாமா மூடியைத் திறந்து, "பாப்பா, சிப்பைத் தொட்டுப் பாரு, எது சுடுது?" என்றார். கீழ் 16 கே நினைவகத்துக்கு எட்டு சிப்புகள். ஒவ்வொரு பைட்டிலும் ஆளுக்கு ஒரு பிட்டைப் பிடித்து வைத்திருப்பவை. அவற்றுக்கு 5, 12, மைனஸ் 5 என்று மூன்று வோல்ட் வேண்டும். மைனஸ் 5 மட்டும் அறுந்தால் மற்ற இரண்டுமே அவற்றைக் கொன்றுவிடும். ஒரு டிரான்சிஸ்டர் போய், கூடவே சூடேறிய ஒரு சிப்பும் போயிருந்தது. சென்னை ரிச்சி தெருவுக்குச் சொல்லியனுப்பி அவை வந்து சேரும்வரை, பின்பக்க இணைப்பில் படர்ந்திருந்த பச்சைக் களிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்க்கும் வேலை எனக்கு. செம்பு மின்ன மின்னத் தேய்த்தேன்.

முழு ஆண்டு லீவுக்குச் சிதம்பரத்துப் பெரியம்மா வீடு. மீட்டர்கேஜ் ரயில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போகும். மடியில் துணிப்பை, அதற்குள் ஸ்பெக்ட்ரம். கீழவீதிப் பக்கம் கோயில் மணி கேட்கும் கூடத்தில், பெரியம்மாவின் கத்தரிக்காய் கொத்சு மணக்க, அண்ணாமலைநகரில் பொறியியல் படித்த அண்ணன் தன்னுடைய 8085 பாடப் புத்தகத்தை விரித்து வைப்பார். என் பெட்டிக்குள் இருந்த இசட்80, அந்த 8085 இரண்டுமே இன்டெலின் 8080க்கு எழுதிய கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் சிப்புகள். ஆகவே அவர் நோட்டில் எழுதிய கூட்டல் புரோகிராமை நான் எண் எண்ணாக என் பெட்டியில் ஏற்றுவேன். விடை சரியாக வந்தால் அண்ணன் தோளில் தட்டுவார். அந்தத் தட்டுக்காகவே மத்தியானத் தூக்கத்தை விட்டேன்.

இப்போதும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் திறந்து சரிபண்ணுவதுதான் என் பொழுதுபோக்கு. 1976இல் வந்த இசட்80ஐ ஜைலாக் நிறுவனம் 2024இல்தான் நிறுத்தியது. ஸ்பெக்ட்ரத்தின் விசைத்தகட்டை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு உறுப்பையும் விரல் வைத்துக் காட்டிவிடலாம், இது இந்த வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு குழந்தைக்குக் கம்ப்யூட்டரைப் பயமில்லாமல் அறிமுகம் செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால், எடுத்தவுடன் கரண்ட் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அடாப்டரை மீட்டரில் பாருங்கள். ஸ்பெக்ட்ரம் என்றால் அதன் ஊசியின் நடுவில்தான் மைனஸ் வரும் என்பதை நினைவில் வையுங்கள். காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை மாற்றுங்கள். கேசட்டுகள் இருந்தால் பூஞ்சை தின்பதற்குள் பதிவு செய்து வையுங்கள். பழைய இரும்புக்காரரின் தராசில் மட்டும் போடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, திருகைக் கழற்ற விடுங்கள்.