ஏட்டுச் சுரைக்காயும் இளைஞர் இசையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. நூலைப் படித்து நீந்தக் கற்றவர் எவருமில்லை. இலக்கணத்தை மட்டும் கற்றுக் கவிஞரானவரும் எவருமில்லை. இவ்வாக்கில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மைதானா என்று நம்மைச் சிந்திக்க வைத்தவை சில மாத இதழ்கள். கணிப்பொறியைக் கொண்டு இசை அமைப்பது எவ்வாறு என்று கற்பிக்கும் ஆங்கில இதழ்கள் அவை. அவற்றில் ஒரு காலத்தில் மீண்டும் மீண்டும் இடம்பெற்ற பாடம், டப்ஸ்டெப் என்னும் இசையைப் படைக்கும் முறை. பெயரைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என்று வாசகப் பெருமக்களை வேண்டுகிறோம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, செவிகளை மூடும் ஒலிக்கருவியுடன் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் இல்லம் எதுவாயினும், அதற்கு இச்செய்தி உரியதே.

2009-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தென் லண்டனில் ஒரு பங்கில் துணைக் குருவாகப் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஞாயிறு திருப்பலியில் ஆர்கன் வாசித்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் அங்கு இருந்தார். அவருடைய தாயார் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர், கணவரை இழந்தவர், மருத்துவமனையில் இரவுப் பணி புரியும் செவிலியர். "விடிய விடியக் கணிப்பொறி முன் உட்கார்ந்திருக்கிறான், ஃபாதர். கையிலுள்ள காசெல்லாம் அந்த இதழ்களுக்கே போகிறது. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று அவர் நம்மிடம் முறையிட்டார். சொல்லுமுன் தெரிந்துகொள்வது கடமை என்று கருதி, அவ்விதழ்களை அவர் மகனிடமே இரவல் வாங்கிப் படித்தோம்.

1985-இல் தொடங்கிய சவுண்ட் ஆன் சவுண்ட், 1992-இல் தொடங்கிய ஃபியூச்சர் மியூசிக், 1998-இல் தொடங்கிய கம்ப்யூட்டர் மியூசிக் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. ஒலிப்பதிவுக் கூடத்தின் தொழில் நுணுக்கங்களை ஆழ்ந்து ஆராய்வது முதலாவது. படுக்கையறையில் ஒரு மேசையும் கணிப்பொறியும் மட்டுமே உள்ள இளைஞரை நோக்கிப் பேசியது மூன்றாவது. அதனுடன் அக்காலத்தில் ஒரு தட்டு இணைந்து வந்தது; அத்தட்டில் இசை அமைக்கும் மென்பொருள்களும், எடுத்துப் பயன்படுத்தத்தக்க ஒலித் துணுக்குகளும் இருந்தன. பெரும் பொருட்செலவில் மட்டுமே அமைக்கக்கூடிய கூடத்தின் பயனை, ஓர் இதழின் விலைக்கு ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கச் செய்தது சிறு காரியமன்று. ஒரு காலத்தில் குரு தம் சீடனுக்கு மட்டும் காதோடு காதாகச் சொல்லிவந்த தொழில் இரகசியம், இங்கே படங்களுடன் படிப்படியாக அச்சேறியிருந்தது.

அப்பாடங்களின் சாரம் வருமாறு. தாளகதியை நிமிடத்துக்கு 140 என்று அமைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் முதல் அடியில் பெரிய டிரம்மும் மூன்றாம் அடியில் சிறிய டிரம்மும் விழுமாறு வைத்தால், விரைந்தோடும் இசை பாதி வேகத்தில் நடப்பதுபோல் தோன்றும். அதன் அடியில் கீழ்ஸ்தாயி நாதம் ஒன்று, பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கும் கீழே, தனித்து ஒலிக்க வேண்டும். மற்றக் கருவிகளின் அடிப்பகுதி ஒலிகளையெல்லாம் வடிகட்டி நீக்கி அந்நாதத்துக்கு இடம்விட வேண்டும். நாதத்தின் கூர்மையை மெல்ல அசையும் வேறோர் அலையால் திறந்தும் மூடியும் வந்தால், ஆடி அசையும் ஒருவகை முழக்கம் பிறக்கும். இம்முழக்கமே பிற்காலத்தில் டப்ஸ்டெப்பின் அடையாளம் என்று பலரும் எண்ணலாயினர்.

இது விளங்கவில்லையென்றால், குழல் ஆர்கன் உள்ள பழைய ஆலயம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். காலால் மிதிக்கும் கட்டைகளுக்குரிய 16 அடிக் குழாய் எழுப்பும் அடிநாதம் ஏறத்தாழ 33 ஹெர்ட்ஸ். அதைக் காது கேட்பதினும் மார்பு உணர்வதே மிகுதி. பலகை இருக்கை அதிரும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ எட்டரை மீட்டர் நீளம் உடையது. மேசைமீது வைக்கும் சிறு ஒலிபெருக்கியால் அவ்வளவு பெரிய அலையை வேண்டிய வலிமையோடு எழுப்ப இயலாது. இந்த எச்சரிக்கையை அவ்விதழ்களும் விடுத்தன. ஆனால் இளமை எச்சரிக்கையைப் படிப்பதில்லை. செய்முறையை மட்டுமே படிக்கிறது.

இவ்விசை எங்கிருந்து வந்தது என்பதையும் அறிதல் நலம். 1970-களில் ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் கிங் டப்பி என்று அழைக்கப்பட்ட மின்கருவித் தொழிலாளர் ஒருவர், பதிவான பாடல்களிலிருந்து குரலை நீக்கி, டிரம்மையும் அடிநாதத்தையும் மட்டும் நிறுத்தி, இடைவெளிகளில் எதிரொலியை உலவவிட்டார். அதுவே டப் எனப்பட்டது. சேர்ப்பதால் அன்று, நீக்குவதால் உண்டான இசை அது. பிரிட்டனுக்குக் குடியேறிய ஜமைக்கா மக்கள் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு அந்த மரபையும் கொண்டுவந்தனர். 2000-ஆம் ஆண்டையொட்டித் தென் லண்டனின் கிராய்டனில், பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையைச் சுற்றி ஓர் இளைஞர் கூட்டம் திரண்டது. ஸ்க்ரீம், பெங்கா என்ற புனைபெயர்களால் பின்னர் புகழ்பெற்றவர்கள் அப்போது பதின்ம வயதுச் சிறுவர்கள். அவர்களிடம் இருந்தது எளிய கணிப்பொறி மென்பொருளும் விளையாட்டுப் பெட்டியில் ஓடும் இசை நிரலுமே. அக்கடை 2004-இல் மூடப்பட்டது. இசை மட்டும் நிலைத்தது.

அதன் அடுத்த படி நம் கவனத்துக்கு உரியது. பிரிக்ஸ்டன் பகுதியில் தூய மத்தேயு பெயரால் ஆங்கிலிக்கன் சபையாரின் ஆலயம் ஒன்று உண்டு. 1824-இல் அருட்பொழிவு பெற்றது. பிற்காலத்தில் அக்கட்டடத்தின் பெரும்பகுதி வேறு பயன்களுக்கு விடப்பட்டு, அதில் ஓர் இசை அரங்கும் இயங்கியது. 2005-இல் மாலா, கோக்கி, லோஃபா ஆகியோர் அங்கே டிஎம்ஜெட் என்னும் இரவுக் கூடுகையைத் தொடங்கினர். 2006-இல் முதலாண்டு நிறைவன்று கூட்டம் அறையில் அடங்காமல், அக்கட்டடத்தின் பெரிய கூடத்துக்கு மாற்ற நேர்ந்தது. மங்கிய ஒளி; அடிநாதத்தின்மேல் மனத்தை ஊன்றித் தியானியுங்கள் என்பதே அழைப்பு. ஆலயக் கட்டடத்தில் கேளிக்கையா என்று வருந்துவோர் வருந்தலாம். அவ்வருத்தம் நமக்கும் உண்டு. எனினும், சத்தம் நிறைந்த மாநகரின் இளைஞர்கள் ஓரிடத்தில் கூடி, ஒருமித்துச் செவிசாய்க்க விரும்பினார்கள் என்பதையும் மறைத்தல் முறையன்று.

இனி நம் இளைஞருக்கு வருவோம். இதழ் கூறிய படிகள் அனைத்தையும் அவர் பிழையின்றிச் செய்திருந்தார். ஆயினும் அவரது இசை உயிரற்றுக் கிடந்தது. அது அவருக்கே தெரிந்திருந்தது. ஒவ்வொரு மாதமும் புதிய பாடத்தைப் படித்துப் புதிய ஒலி ஒன்றைச் சேர்ப்பார். இசை மேலும் கனத்துப்போகும். "எனக்கு வராது, ஃபாதர், எல்லாவற்றையும் விற்றுவிடப் போகிறேன்" என்று ஒரு நாள் சோர்ந்து கூறினார். பதினெட்டு வயதில் ஒருவர் "எனக்கு வராது" என்று முடிவுகட்டுவதை இலேசாக எண்ணலாகாது. இசையில் தொடங்கும் அச்சொல் இசையோடு நிற்பதில்லை.

பங்கு மண்டபத்தில் விழாக்களுக்கென வைத்திருந்த பழைய பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவற்றில் தம் இசையை ஒலிக்கவிடுமாறு அவரிடம் கூறினோம். சன்னற் கண்ணாடிகள் நடுங்கின. தம் அறையில் ஓராண்டாகத் தாம் செய்துவந்ததை அன்றுதான் அவர் முதன்முதலாகக் கேட்டார். அடியில் இரண்டு நாதங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிக் கிடந்தன. சிறு ஒலிபெருக்கி அந்தக் குழப்பத்தை அவருக்குக் காட்டவே இல்லை. அவர் எதையும் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினார். பதினேழு வரிசைகளில் பதினொன்று போயின. எஞ்சிய ஆறில், டிரம்முக்கும் டிரம்முக்கும் நடுவே மௌனம் தெரிந்தது. இரவுப் பணிக்குப் புறப்பட்டுச் சீருடையில் வந்து நின்ற தாயார் சற்று நேரம் கேட்டுவிட்டு, "என் அப்பா வீட்டு நிலவறையில் இப்படித்தான் அதிரும்" என்றார். மகன் அதை அதுவரை அறிந்ததில்லை.

அப்படியானால் அவ்விதழ்கள் வீணா? இல்லவே இல்லை. நாதம் மோதுகிறது என்பதைக் கண்டுகொண்டதும் அதை எவ்வாறு தீர்ப்பது என்று அவருக்குத் தெரிந்தது இதழ்களைப் படித்திருந்ததால்தான். ஏடு கைக்குத் திறமையைத் தந்தது. செவிக்குத் தேவையானதை ஏடு தர இயலவில்லை. செய்முறை மட்டும் பரவினால் நேர்வதையும் உலகம் கண்டது. 2006 சனவரியில் பிபிசி வானொலியில் மேரி ஆன் ஹாப்ஸ் நடத்திய நிகழ்ச்சி இவ்விசையைப் பலருக்கு அறிமுகம் செய்தது. 2010-க்குப்பின் அமெரிக்காவில் ஸ்க்ரிலெக்ஸ் என்பவரின் உரத்த பாணி பெரும் வெற்றி பெற்றது. 2012-இல் அவருக்கு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. அந்த உறுமல் ஒலியை உண்டாக்கும் பாடங்கள் பெருகின. அவரிடம் புதுமை இருந்தது. பின்பற்றியவர் பலரிடம் உறுமல் மட்டுமே இருந்தது. மௌனத்தில் பிறந்த இசை, மௌனத்துக்கே இடமில்லாததாயிற்று. சமையற் குறிப்பில் உப்பின் அளவை எழுதலாம். உண்பவரின் பசியை எழுத இயலாது.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பிள்ளை எதையோ தானே கற்றுக்கொண்டிருக்கும் அறையின் கதவை நாம் இரண்டு காரணங்களுக்காகத் தட்டலாம். "நிறுத்து" என்று சொல்லத் தட்டலாம்; "எனக்கும் கேட்கக் கொடு" என்று சொல்லவும் தட்டலாம். அவ்விசை நமக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. நன்றாக இல்லையென்றால் அதையும் சொல்லலாம். கேட்டபின் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பாடம் சொல்லித்தர ஏடுகள் ஆயிரம் கிடைக்கின்றன. செய்ததைக் கேட்க ஒரு செவியைத் தருவது எந்த ஏட்டாலும் ஆகாது. அதை வீட்டிலுள்ளவர்தாம் தர வேண்டும்.