'கட்டிடுண்ணா'னு சொன்னது நான்தான்!

ஏரோநாட்டிக்கல் படிக்கிற பையன்னு சொன்னாலே சொந்தக்காரங்க மத்தியில் ஒரு கெத்து வந்துடும் பாஸ். பெயிலட்டுக்கும் இன்ஜினீயருக்கும் வித்தியாசம் தெரியாத சித்தப்பாக்கள்கிட்ட நான் அந்தக் கெத்தை நல்லாவே அனுபவிச்சிருக்கேன். அதுக்கு 2025 நவம்பர்ல ஆப்பு விழுந்துச்சு.

என் பெரியம்மா பையன் ஜெர்மனியில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கார். வீக் எண்டானா விமானம் ஓட்டுவார். அம்பானி ரேஞ்சுக்கு யோசிக்காதீங்க, நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டு வாங்கின பழைய செஸ்னா 172. நம்ம ஊர்ல நாலு பேர் சேர்ந்து கார் வாங்கி டாக்ஸி விடுற மாதிரிதான்.

ஒருநாள் ராத்திரி அண்ணன்கிட்டேர்ந்து ஒரு மெயில் ஃபார்வர்டு ஆகி வந்துச்சு. "நீதான் இதெல்லாம் படிக்கிறியே, என்னன்னு பாரு"ன்னு ஒரு வரி. உள்ளே யூரோகன்ட்ரோல் பேர்ல ஒரு இன்வாய்ஸ். ஐரோப்பிய வான்வழியில் பறக்கிறதுக்கான கட்டணத்தை நாடுகள் சார்பா வசூலிக்கிற, பிரஸ்ஸல்ஸ்ல இருக்கிற அமைப்பு அது. அக்டோபர்ல அண்ணன் ஆக்ஸ்பர்க்ல இருந்து சால்ஸ்பர்க் போன தேதி, விமானத்தோட பதிவு எண், எல்லாமே கரெக்ட். 386 யூரோ, 48 மணி நேரத்துக்குள்ள கட்டணும், இல்லேன்னா அபராதம்.

நான் பார்த்தது லோகோவை. "பெரிய இடம்ணா, கட்டிடுண்ணா"ன்னு கெத்தா ரிப்ளை போட்டுட்டுத் தூங்கிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு, இன்டெர்னல்ஸுக்குப் படிக்கும்போது அந்தக் கட்டணத்தோட ஃபார்முலா நோட்ஸ்ல வந்து நின்னுச்சு. தூரத்தை நூறால வகுக்கணும். விமானத்தோட அதிகபட்ச டேக்-ஆஃப் எடையை டன்ல எழுதி, 50-ஆல வகுத்து, ஸ்கொயர் ரூட் எடுக்கணும். ரெண்டையும் பெருக்கி, அந்தந்த நாட்டோட ரேட்டால பெருக்கணும். சும்மா அண்ணன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 170 கிலோமீட்டர், 1,157 கிலோ. ரேட்டைத் தாராளமா 150 யூரோன்னு வெச்சும் மொத்தம் 40 யூரோகூட வரலை. அப்போ 386?

அடுத்த பக்கத்தைத் திருப்பினா வயித்துல புளியைக் கரைச்சுது. ரெண்டு டன்னுக்குக் குறைவான விமானத்துக்கு இந்தக் கட்டணமே கிடையாது! செஸ்னா 172 அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. வழக்கமா பில் மாசத்துக்கு ஒண்ணுதான் வரும், கட்டறதுக்கு 30 நாள் டைம் உண்டுன்னும் அதே பக்கத்துல இருக்கு. 48 மணி நேரக் கெடு எங்கேர்ந்து வந்துச்சு?

உடனே போன் பண்ணேன். "நேத்தே கட்டிட்டேனேடா"ன்னார்.

அப்புறம்தான் மெயிலை ஒழுங்கா திறந்து பார்த்தோம். செல்போன்ல அனுப்பினவர் பேர் மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. அதைத் தட்டினா வந்த முகவரி வேற எதுவோ ஒரு 'டாட் காம்'. யூரோகன்ட்ரோலோட முகவரி முடியறது 'டாட் இன்ட்'ல. நாடுகள் ஒப்பந்தம் போட்டு உருவாக்கின அமைப்புகளுக்குத்தான் அது கிடைக்கும், உங்களாலயும் என்னாலயும் காசு குடுத்து வாங்க முடியாது. (அனுப்புற முகவரியைக்கூடப் போலியா காட்ட முடியும்கிறதால, 'இன்ட்'டைப் பார்த்ததும் நிம்மதியாகிடாதீங்க.) பில்லுல பிரஸ்ஸல்ஸ், பேங்க் அக்கவுன்ட் நம்பரோ 'எல்டி'ன்னு ஆரம்பிக்குது. அது லித்துவேனியா.

பறந்த விவரம் எப்படி அவ்ளோ கரெக்ட்டா இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? விமானம் விட்டுக்கிட்டே இருக்கிற ரேடியோ சிக்னலைப் பிடிச்சு, எது எங்கே பறக்குதுன்னு யார் வேணா பார்க்கிற மாதிரி காட்டுற ஃபிளைட்ரேடார்24 மாதிரி சேவைகள் இருக்கே, அது போதும். மெயில் ஐடி, இவங்க நாலு பேரும் போட்டிருந்த பங்குதாரர் தேவை விளம்பரத்துலயே இருந்துச்சு. பதிவு எண்ணோட சேர்த்து!

இதுல எனக்கு ரொம்ப வலிச்ச விஷயம் வேற. 2025 அக்டோபர்ல இருந்து யூரோ நாடுகள்ல பணம் அனுப்பறதுக்கு முன்னாடி, அக்கவுன்ட் நம்பரும் பேரும் பொருந்துதான்னு பேங்க் பார்த்துச் சொல்லணும். அண்ணனோட பேங்க்கும் "பேர் பொருந்தலை"ன்னு எச்சரிச்சிருக்கு. அதையும் தாண்டி ஏன் ஓகே குடுத்தீங்கன்னு கேட்டேன். "நீ கட்டலாம்னு சொன்னியேடா"ன்னார், ரொம்ப சாதாரணமா.

பேங்க்ல புகார் குடுத்தாச்சு, போலீஸ்லயும் குடுத்தாச்சு. பணம் வரலை. கிட்டத்தட்ட நாற்பதாயிரம் ரூபாய். பொதுப் பணத்துல கை வைக்காம அண்ணன் தன் சம்பளத்துல இருந்தே ஈடு கட்டிட்டார். நான் பார்ட் டைம்ல சம்பாதிச்சுத் தர்றேன்னு சொன்னதுக்கு, "போய் அரியர் இல்லாம பாஸ் பண்ணு"ன்னு சிரிச்சார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

போன வாரம் மறுபடியும் ஒரு பில் அனுப்பினார். ஏதோ ஒரு குட்டி ஏர்ஃபீல்டோட லேண்டிங் ஃபீஸ், 11 யூரோ. அண்ணனோட பழைய ரசீதுல இருந்த நம்பருக்கு அவரையே போன் பண்ணச் சொல்லி, தேதி, எடை, அக்கவுன்ட் எல்லாம் சரிபார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆச்சு. "கட்டிடுண்ணா"ன்னு டைப் பண்ணிட்டு, அனுப்பாம கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தேன்.