பொறியும் அதன் முகமும்

பொறி ஒன்றைத் திறம்பட உருவாக்கியவர், அதனுள் இயங்கும் மென்பொருளின் முகத்தையும் அவ்வாறே சமைக்க வல்லவரா? முகம் என்று நாம் கூறுவது, பொறி மனிதனோடு உறவாடும் முறையை. இக்கால நூல்கள் அதனை இடைமுகம் என்கின்றன. அரபும் தமிழும் கற்பிக்கும் நமக்கு இவ்வினாவில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வேலை உண்டு. நம் பிள்ளைகள் தமிழை எவ்வாறு எழுதுகின்றனர் என்பது இவ்வினாவோடு பிணைந்து கிடக்கிறது.

இதற்குத் தமிழிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1886-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயா நாடு சென்று உழைத்த இரா. முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் தந்தை எனப் போற்றப்படுகிறார். தமிழ் எழுத்துகள் 247. பொறியில் இருந்த விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. இந்த இடுக்கணிலிருந்து மீள அவர் கண்ட வழியே நகரா விசை. புள்ளி விசையைத் தட்டினால் தாளில் புள்ளி பதியும். தாளைத் தாங்கும் உருளை நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அப்புள்ளியின் கீழே வந்து அமரும். இரும்பின் இயல்பையும் தமிழெழுத்தின் இயல்பையும் ஒருங்கே உணர்ந்த அறிவு அது.

அவ்வறிவுக்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ‘க்’ என்று எழுத முதலில் புள்ளி, அதன்பின் ககரம். ‘கொ’ என்று எழுதக் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டு. நாவில் ஓரெழுத்தாகப் பிறப்பது விரலில் மூன்றாகப் பிரிகிறது. இரும்புக்கு வேறு வழியில்லை. ஆகவே இதனைக் குறையென்று கூறுவதற்கில்லை. சேலம் சந்திப்பை அடுத்து வாழும் நம் சூரமங்கலத்து மக்களிலும், இப்பொறியில் விரல் பழகி, அரசுத் தேர்வில் தேறி, அதனால் குடும்பத்தைக் காத்தவர்கள் உண்டு.

பின்னர்க் கணிப்பொறி வந்தது. திரையில் உருளையும் இல்லை, நகர்வதும் இல்லை. எனினும் பல மென்பொருள்கள் பழைய பொறியின் விசை வரிசையையே சுமந்து வந்தன. இரும்பு விதித்த கட்டளையை, இரும்பே இல்லாத இடத்திலும் விரல்கள் நிறைவேற்றிக்கொண்டிருந்தன.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டிப் பல நாட்டுத் தமிழறிஞரும் கணிப்பொறி வல்லுநரும் கூடி ஆராய்ந்ததன் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை உருப்பெற்றது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்வரிசை பெரும்பாலும் வலக்கைக்கும் உரியவை. ககரத்தையும் ஒகரத்தையும் தட்டினால் ‘கொ’ தோன்றும். ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முதலெழுத்து தானே புள்ளி பெறும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் ‘ந்த’ என்றாகும். மெல்லினத்தின் பின் அதன் இன வல்லினம் வரும் என்று நாம் வகுப்பில் சொல்லித்தரும் இலக்கணம் அங்கே விசைக்குள் புகுந்து பணிபுரிகிறது.

அரபு எழுத்துக்கும் இதே வரலாறுதான். ‘ஐன்’ என்னும் எழுத்து சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், இறுதியில் ஒரு வடிவம், தனித்து நின்றால் வேறொரு வடிவம் பெறும். பழைய அரபுத் தட்டெழுத்துப் பொறிகளில் வடிவத்தைத் தட்டுபவரே தேர்ந்து தட்டவேண்டும். கணிப்பொறியிலோ எழுத்துக்கு ஒரு விசை போதும். இடத்துக்கேற்ற வடிவத்தை மென்பொருளே தேர்ந்துகொள்கிறது.

பொறி செய்பவர் பொருளின் இயல்புக்கு அடங்கக் கற்றவர். முகம் சமைப்பவர் மாந்தரின் நாவுக்கும் கண்ணுக்கும் நினைவுக்கும் அடங்க வேண்டியவர். இரண்டும் வெவ்வேறு பயிற்சிகள். ஆயினும் ஒருவரிடமே இரண்டும் அமையலாகாது என்ற விதி எதுவும் இல்லை.

மேலைநாட்டுச் சான்றுகள் இரண்டைக் காண்போம். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் முதலிய கருவிகளுக்கு வடிவம் தந்து புகழ்பெற்ற ஜோனி ஐவிடம் 2012 அக்டோபரில் இடைமுகப் பொறுப்பும் தரப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த ஐஓஎஸ் 7 பதிப்பு, தோல்போலவும் மரம்போலவும் தோன்றிய போலி அலங்காரங்களை நீக்கியது. அது நற்பணியே. ஆனால் எழுத்துகள் மெலிந்தன, பொத்தான்கள் விளிம்பிழந்தன. எது எழுத்து, எது பொத்தான் என்று பலர் மயங்கினர். பொத்தானின் உருவத்தைக் காட்டும் வசதி 2014 மார்ச்சில் சேர்க்கப்பட்டது. கருவிக்கு அழகு தந்த மெலிவு, கண்ணுக்கு இடையூறாயிற்று.

மற்றொருவர் ஜெஃப் ஹாக்கின்ஸ், மின்பொறியியல் கற்றவர். 1996-இல் வெளிவந்த பாம் பைலட் என்னும் கைக்கருவியை உருவாக்குமுன், அதே அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் சுமந்து திரிந்தார்; குறிப்பெழுத வேண்டியபோதெல்லாம் அதனை எடுத்து எழுதுவதுபோல் பாவித்துப் பார்த்தார். அக்கருவியில் எழுதும் முறையை வகுத்தவரும் அவரே. அது மக்களிடம் நன்கு பரவியது. அவர் வெற்றிக்குத் திறமை மட்டும் காரணமன்று. பயன்படுத்துபவரின் நிலையில் தம்மை நிறுத்திப் பார்த்த பொறுமையே காரணம் என்பது நம் கருத்து.

ஆகவே, வல்லவரா என்ற வினாவுக்கு நம் விடை இது: வல்லவரே, ஆனால் பொருளிடம் காட்டிய பணிவை மனிதரிடமும் காட்டவேண்டும்.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு சொல். நம் பிள்ளைகளில் பலர் இன்று கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டியே தமிழை வருவிக்கின்றனர். ழகரத்தை இரண்டு ஆங்கில எழுத்துகளின் கூட்டாக நினைக்கும் பிள்ளைக்கு, அது ஓர் எழுத்து என்ற உணர்வு நாளடைவில் மங்கிவிடும். முன்பு இரும்பு விரலை வளைத்தது. இப்போது பிறமொழி நினைவை வளைக்கிறது. நாம் மேலே குறை கூறிய ஐஓஎஸ் 7 பதிப்பிலேயே தமிழ்99 விசைப்பலகையும் இடம்பெற்றது. பிள்ளைகளின் கைப்பேசியில் அதனைத் தேர்ந்து, சில வாரம் அருகிருந்து பழக்குங்கள். தமிழின் இலக்கணம் அறிந்த முகம் ஒன்று ஆயத்தமாக இருக்கையில், பிள்ளைகள் அதனைக் காணாமல் வளர்வது தகாது.